பூஞ்சணத்தில் மருந்து கண்ட பிளெமிங்

மழைக்காலத்தில் ஈரம் பட்ட ரொட்டியின்மீது ஓரிரு நாளிற் பச்சை நிறமான படலம் ஒன்று பூத்துவிடும். நெடுநாள் கைபடாத ஊறுகாய்ச் சாடியின் வாயிலும் அது படியும். அதனைப் பூஞ்சணம் என்கிறோம். மரப்பட்டையிலும் மட்கிய குப்பையிலும் குடைவிரித்து நிற்கும் காளானும் இப்பூஞ்சணமும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. பச்சையம் இல்லாமையால் இவை தமக்கு வேண்டும் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ள மாட்டா. பிற பொருள்களைச் சிதைத்து உண்டே வாழும். ஆதலின் அதே உணவை நாடிவரும் நுண்கிருமிகளோடு இவை ஓயாது போட்டியிட வேண்டியுள்ளது. அப்போட்டியில், இவற்றுட் சில கிருமிகளை அடக்கும் பொருள்களைத் தம்மிடமிருந்து கசியவிடுகின்றன.

இச்செய்தியை அறியாமலே பண்டை மக்கள் இவற்றை மருந்தாகக் கையாண்டனர். 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியில், ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவனது உடல் கெடாமற் கிடைத்தது. அவன் உடைமைகளுள் தோல்வாரிற் கோத்த இரண்டு காளான் துண்டுகள் இருந்தன. பிர்ச்சு மரத்தில் வளரும் அக்காளானை அவன் மருந்துக்காகவே உடன்கொண்டு சென்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலர்தம் கருத்து. கிருமிகளை அடக்கும் பொருள்கள் அக்காளானில் இருத்தலை இக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐரோப்பிய நாட்டுப்புறங்களில், பூஞ்சணம் பூத்த ரொட்டியைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டும் வழக்கமும் இருந்தது. சில புண்கள் ஆறின, பல ஆறவில்லை. எந்தப் பூஞ்சணத்தில் மருந்து உண்டு, எதில் இல்லை, உள்ள மருந்து யாது என்பவற்றை வைத்தவரும் அறியார், வைத்துக்கொண்டவரும் அறியார். நாட்டு மருத்துவம் கைதடவிச் சென்ற அவ்விருளில் முதல் விளக்கை ஏற்றியவர் அலெக்சாண்டர் பிளெமிங் ஆவார்.

ஸ்காட்லாந்து நாட்டின் தென்மேற்கில், டார்வெல் என்னும் சிற்றூரையடுத்த லாக்பீல்டு என்ற பண்ணையில், 1881ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் பிளெமிங் பிறந்தார். தந்தையார் ஹியூ பிளெமிங் ஒரு குடியானவர். முதல் மனைவியார் இறந்தபின், முதுமை நெருங்கிய காலத்தில் கிரேஸ் என்னும் அம்மையாரை மணந்தவர். பிளெமிங் அவ்வம்மையாரின் மூன்றாம் பிள்ளை. அவருக்கு ஏழு வயது நிரம்பியபொழுது தந்தையார் மறைந்தார். மூத்தாள் மக்களும் இளையாள் மக்களும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளே போல வளர்ந்தனர் என்பது அக்குடும்பத்தின் சிறப்பு.

பண்ணையைச் சூழ்ந்து மேடும் பள்ளமும் ஓடையும் புதருமே இருந்தன. தொடக்கப் பள்ளிக்கும், பின்னர் டார்வெல் பள்ளிக்கும் அவர் நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்தே சென்றார். வழியிற் பறவைக் கூடுகளைத் தேடுவதும், ஓடையில் வெறுங்கையால் மீன்பிடிப்பதும் அவருக்கு விளையாட்டு. அசைவற்று நின்று, ஒன்றையே நெடுநேரம் உற்றுநோக்கும் பழக்கம் அங்கே படிந்தது. பிற்காலத்தில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் வேர் அதுவே எனல் பொருந்தும்.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் வேண்டும். சிறுவன் சர்ச்சில் சேற்றில் மூழ்கும்போது பிளெமிங்கின் தந்தையார் காப்பாற்றினார் என்றும், அந்நன்றிக்காகச் சர்ச்சிலின் தந்தையார் பிளெமிங்கைப் படிக்கவைத்தார் என்றும் ஒரு கதை பல நாடுகளிலும் வழங்குகிறது. அது கட்டுக்கதை. பிளெமிங்கே அதனை மறுத்துள்ளார். அவரைப் படிக்கவைத்தது எவ்வாறு கிடைத்த பொருள் என்பதைக் காண்போம்.

பதின்மூன்று வயதளவில் அவர் இலண்டன் மாநகரை அடைந்தார். அங்கே அவர்தம் தமையனார் டாம் கண்மருத்துவராய் இருந்தார். தொழிற்கல்விக் கூடம் ஒன்றிற் சிறிது காலம் பயின்றபின், கப்பல் வணிக நிலையம் ஒன்றிற் பிளெமிங் எழுத்தராக அமர்ந்தார். நான்கு ஆண்டுகள் அவ்வேலையில் உள்ளம் பொருந்தாமலே கழிந்தன. 1901ஆம் ஆண்டில், மறைந்த சிற்றப்பா ஒருவரின் சொத்திலிருந்து 250 பவுன் அவருக்குப் பங்காக வந்தது. மருத்துவம் பயிலுமாறு தமையனார் அறிவுறுத்தினார். தேர்வெழுதி, புனித மேரி மருத்துவமனைக் கல்லூரியிற் சேர்ந்தார். வேறு கல்லூரிகளும் அண்மையில் இருந்தனவே, இதனை ஏன் தேர்ந்தார் எனின், அக்கல்லூரியாருடன் ஒருமுறை அவர் நீர்ப்பந்து ஆடியிருந்தார். வேறு காரணம் ஒன்றும் இல்லை! 1906ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றபின் அவர் வெளியேறியிருக்கக்கூடும். ஆயின் அவர் துப்பாக்கி சுடுவதில் வல்லவர். அவரை இழக்க விரும்பாத சுடுகுழுவின் தலைவர், அம்மருத்துவமனையிலேயே இருந்த தடுப்பூசி ஆய்வுத்துறையில் அவரைச் சேர்த்துவிட முயன்றார். அத்துறையின் தலைவர், குடற்காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்ட ஆல்ம்ராத் ரைட். அன்று புகுந்த இடத்தை விட்டுப் பிளெமிங் வாழ்நாள் முழுவதும் அகலவில்லை.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. ரைட்டும் பிளெமிங்கும் பிரான்சு நாட்டுப் பூலோன் நகரிற் படைமருத்துவமனையிற் பணிபுரிந்தனர். களியாட்ட மாளிகை ஒன்றே அங்கு ஆய்வகமாயிற்று. குண்டுபட்ட வீரர் நாள்தோறும் வந்து குவிந்தனர். குண்டோடு, சேறும் எருவும் படிந்த துணிக்கந்தைகளும் தசைக்குள் ஆழ்ந்து கிடந்தன. குண்டுக்குத் தப்பியவர் பலர், புண் சீழ்கொண்டு உடல் முழுதும் நஞ்சேறி மடிந்தனர். மருத்துவர்கள் கடுமையான கிருமிக்கொல்லி நீர்களைப் புண்ணில் ஊற்றினர். அதனாற் பயனுண்டா என்று பிளெமிங் ஆராய்ந்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றை நெருப்பிற் காட்டி, அதன் சுவரில் முட்கள் போன்ற உட்குழிவுகளை இழுத்து, புண்ணின் சந்துபொந்துகளைப் போன்ற வடிவம் செய்தார். அதிற் கிருமி கலந்த நீரை நிறைத்து வடித்து, பின் கிருமிக்கொல்லியை நிறைத்துப் பார்த்தார். குழிவுகளின் உள்ளே ஒளிந்த கிருமிகள் அழியவில்லை. அதுமட்டுமன்று, கிருமிகளோடு போரிடும் நம் குருதியின் வெள்ளணுக்களை அம்மருந்துகளே முதலிற் கொன்றன. நோயைக் கொல்லும் மருந்து உடலைக் கொல்லாதிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம், அப்பிணக்குவியலின் நடுவே அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

போர்க்காலத்திலேயே, 1915ஆம் ஆண்டு, சாரா என்னும் செவிலியரை மணந்தார். போர் முடிந்தபின் மீண்டும் இலண்டனில் ஆய்வைத் தொடர்ந்தார். 1921ஆம் ஆண்டில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. மூக்குநீரை எடுத்துக் கிருமி வளரும் தட்டில் இட்டுப் பார்த்தார். சில நாளில் அதனைச் சுற்றியிருந்த ஒருவகைக் கிருமிகள் கரைந்துபோயின. கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டையின் வெண்கருவிலும் அவ்வாற்றல் இருத்தலைக் கண்டார். ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டுமே! எலுமிச்சைத் தோலைக் கண்ணிற் பிழிந்து, தாமும் உடனிருந்தோரும் அழுது சேர்த்தனர். லைசோசைம் எனப் பெயர்பெற்ற அப்பொருள், கொடிய நோய்க்கிருமிகளைப் பெரிதும் தாக்கவில்லை. ஆகவே உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் கிருமிகள் கரைந்தழியும் காட்சி எத்தகையது என்பதை அவர் கண்கள் அன்றே கற்றுக்கொண்டன.

1928ஆம் ஆண்டு அவர் சீழ்க்கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கடற்பாசிக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளில் அக்கிருமிகள் மஞ்சட் புள்ளிகளாய் வளரும். விடுமுறைக்குச் செல்லுமுன் அத்தட்டுகளை மேசையின் ஓரத்தில் அடுக்கிவைத்துச் சென்றார். தம் மேசையை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் இயல்பு அவருக்கு இல்லை. இதனை மாணவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டா. செப்டம்பர் 3ஆம் நாள் திரும்பிவந்து, பழைய தட்டுகளைக் கழுவுவதற்காகக் கிருமிக்கொல்லி நீர் நிறைந்த தொட்டியில் இட்டார். தட்டுகள் மிகுதியாதலின் மேலே கிடந்தவை நீரில் அமிழவில்லை. அப்பொழுது, முன்னர் உதவியாளராயிருந்த பிரைஸ் என்பவர் அவரைக் காண வந்தார். தம் வேலையை அவருக்குக் காட்டும்பொருட்டு மேலே கிடந்த தட்டொன்றைப் பிளெமிங் எடுத்தார். அதன் ஓரத்தில் ஒரு பூஞ்சணம் வளர்ந்திருந்தது. தொலைவில் இருந்த கிருமிப் புள்ளிகள் நன்றாய்த் திரண்டிருந்தன. பூஞ்சணத்தை அடுத்திருந்தவையோ கண்ணாடிபோல் மங்கிக் கரைந்திருந்தன.

பூஞ்சணம் விழுந்து கெட்ட தட்டுகளைக் கிருமி ஆராய்வோர் எத்தனையோ முறை கண்டு, கழுவிக் கவிழ்த்ததுண்டு. பிளெமிங் அதனைக் கழுவவில்லை. பூஞ்சணத்தில் ஒரு துளியை எடுத்துத் தனியே வளர்த்தார். தட்டினையும் கெடாதவாறு பாதுகாத்தார்.

அத்தட்டில் நேர்ந்தது எளிதில் நேர்வதன்று. அப்பூஞ்சணத்தின் மருந்து முற்றி வளர்ந்த கிருமியைக் கொல்லாது. வளர்ந்து பெருகும் நிலையிலுள்ள கிருமியையே கொல்லும். கிருமி தன் உடலைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொண்டே வளர்கிறது. அச்சுவரின் கட்டுமானத்தை மருந்து தடுத்துவிடுகிறது. சுவர் நலிந்து, கிருமி வெடித்துச் சாகிறது. மனிதரின் உடலணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆதலின் மருந்து அவற்றைத் தீண்டுவதில்லை. பூஞ்சணம் முதலிலும் கிருமி பின்னரும் வளர்ந்திருந்தாலன்றி அத்தட்டில் அக்காட்சி தோன்றியிராது. அவர் இல்லாத நாள்களில் இலண்டனில் முதலிற் குளிர் நிலவியது, பூஞ்சணம் வளர்ந்தது. பின்னர் வெப்பம் வந்தது, கிருமி வளர்ந்தது. பிற்காலத்தில் ரொனால்டு ஹேர் என்பவர் செய்துபார்த்து இதனை விளக்கினார்.

அப்பூஞ்சணம் பெனிசிலியம் என்னும் இனத்தது. தூரிகை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உருப்பெருக்கியில் நோக்கின் அதன் நுனி தூரிகை போலவே தோன்றும். அது கசியவிடும் பொருளுக்குப் பெனிசிலின் என்று 1929ஆம் ஆண்டிற் பிளெமிங் பெயரிட்டார். பூஞ்சணம் வளர்ந்த சாற்றை 800 மடங்கு நீர்த்துப்போகச் செய்தபின்னும் அது சீழ்க்கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தது. வெள்ளணுக்களுக்கோ அது ஊறு செய்யவில்லை. முயலுக்கும் எலிக்கும் செலுத்தியபோதும் தீங்கில்லை. பூலோன் நகரில் அவர் தேடியது இதுவே அன்றோ! பிற பூஞ்சணங்களையும் தேடித்தேடிச் சோதித்தார். பெரும்பாலானவற்றில் அவ்வாற்றல் இல்லை. புண்ணில் வைத்த ரொட்டி சிலருக்குப் பயன்பட்டுப் பலருக்குப் பயன்படாமை ஏன் என்பது இதனால் விளங்கும்.

இனிக் கூறப்போவது பலரும் கூறாது விடும் பகுதி. பிளெமிங்கால் அப்பொருளைச் சாற்றினின்று பிரித்தெடுக்க இயலவில்லை. அவருடைய உதவியாளர் இருவர் பெரிதும் முயன்றனர். மருந்து அவர்கள் கையிலேயே ஆற்றல் இழந்து போயிற்று. அவர் வேதியியல் வல்லுநரும் அல்லர். பேச்சுவன்மை உடையவரும் அல்லர். கற்றோர் அவையில் தம் கண்டுபிடிப்பை அவர் தாழ்ந்த குரலிற் படித்தபொழுது ஒருவரும் வினா எழுப்பவில்லை. 1929ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை நூலகங்களில் உறங்கிற்று. நோயுற்ற எலிக்கு அதனைச் செலுத்திப் பார்க்கும் எளிய சோதனையை அவர் ஏனோ செய்யவில்லை. செய்திருந்தால், பத்தாண்டுகளில் மடிந்த எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது உள்ளம் வருந்துகிறது. எனினும் ஒன்று செய்தார்: அப்பூஞ்சணத்தை ஆண்டுதோறும் அழியாமல் வளர்த்துவந்தார், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்.

அவ்வாறு கொடுத்ததன் வழிவந்த பூஞ்சணம் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அங்கே ஹோவர்டு புளோரி, ஏர்னஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி என்போர் 1939ஆம் ஆண்டு முதல் அதனை ஆராயலாயினர். புளோரி ஆஸ்திரேலியர், செயின், இட்லரின் ஆட்சிக்கு அஞ்சிச் செருமனியை விட்டு வெளியேறிய யூதர், ஹீட்லி, இல்லாததைக்கொண்டு இருப்பதை ஆக்கும் கைத்திறம் உடையவர். 1940ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமிகளைச் செலுத்தினர். நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தனர். விடியுமுன் மருந்து பெறாத நான்கும் இறந்தன. பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. இச்செய்தி வெளிவந்ததும் பிளெமிங் ஆக்ஸ்போர்டிற்குச் சென்றார். அவர் இறந்துபோய் நெடுங்காலமாயிற்று என்று எண்ணியிருந்த செயின் வியப்புற்றார்.

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். பகைவர் படையெடுத்து வந்தால் பூஞ்சணம் அழியாதிருக்கும்பொருட்டு, அதன் வித்துகளை ஆய்வாளர்கள் தம் மேற்சட்டைகளின் உட்பக்கத்தில் தேய்த்துக்கொண்டனர். பாண்டங்கள் கிட்டாமையால், நோயாளியர் படுக்கையிற் பயன்படுத்தும் மலத்தட்டுகளிலும் பூஞ்சணத்தை வளர்த்தனர். 1941ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், புண் புரையோடி ஒரு கண்ணையும் இழந்து கிடந்த காவலர் ஒருவருக்கு அம்மருந்தை ஊசிவழிச் செலுத்தினர். காய்ச்சல் தணிந்தது, அவர் உணவுகொள்ளத் தொடங்கினார். ஆனால் மருந்து தீர்ந்துவந்தது. அவர்தம் சிறுநீரிற் கழிந்த மருந்தையும் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் தீர்ந்தது. நோய் மீண்டும் தலையெடுத்தது. மார்ச்சுத் திங்களில் அவர் மாண்டார். மருந்து பொய்க்கவில்லை, அளவே போதவில்லை.

ஆகவே புளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவிற்குச் சென்றனர். பியோரியா என்னும் ஊரிலுள்ள அரசினர் ஆய்வகத்தில், மக்காச்சோளம் ஊறிய நீரில் வளர்த்தபோது பூஞ்சணம் பன்மடங்கு மருந்தை ஈந்தது. அவ்வூரில் அழுகிய முலாம்பழம் ஒன்றிற் கிடைத்த பூஞ்சணம் அதனினும் சிறந்ததாயிற்று. 1944ஆம் ஆண்டு நேச நாட்டுப் படைகள் பிரான்சுக் கரையில் இறங்கியபோது காயமுற்றோர்க்கு வேண்டிய பெனிசிலின் ஆயத்தமாக இருந்தது. முதற்போரில் பிளெமிங் கண்ட சாவுகள் இப்போரிற் பெரிதும் குறைந்தன.

இதற்கிடையே, 1942ஆம் ஆண்டில் மூளையுறை அழற்சியால் இறக்கும் நிலையிலிருந்த ஒருவரைப் பிளெமிங் தம் மருத்துவமனையிற் பெனிசிலினாற் காப்பாற்றினார். மருந்து, புளோரி தந்தது. நாளிதழ்கள் பிளெமிங்கை வானளாவப் புகழ்ந்தன. ஆக்ஸ்போர்டு அறிஞர் பெயர்கள் பின்னே மறைந்தன. புளோரி செய்தியாளரைக் காண மறுத்தமையும் அதற்குக் காரணம். 1945ஆம் ஆண்டு நோபெல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் மூவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹீட்லிக்கு அதிற் பங்கில்லை. பெனிசிலினைத் தாம் படைக்கவில்லை, இயற்கையே படைத்தது, தாம் தற்செயலாகக் கண்டதே உண்மை என்று பிளெமிங் சென்றவிடமெல்லாம் கூறிவந்தார்.

பரிசு பெற்றதையொட்டி அவர் ஆற்றிய சொற்பொழிவின் இறுதியில், தொண்டைவலி கண்ட ஒருவனைக் கற்பனையாகப் படைத்துக் காட்டினார். அவன் மருத்துவரை நாடாது தானே பெனிசிலின் வாங்கி, கிருமிகளைக் கொல்லப் போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் சாவதற்கு மாறாக அம்மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. அவை அவன் மனைவியைத் தொற்றுகின்றன. அவளுக்கு முறைப்படி பெனிசிலின் கொடுத்தும் பயனின்றி அவள் இறக்கிறாள். அச்சாவிற்கு யார் பொறுப்பு என்று அவையோரை நோக்கி வினவினார். உலகம் அம்மருந்தைக் கொண்டாடிய அவ்வேளையில் அதனைக் கண்டவரே இவ்வாறு எச்சரித்தார். அவர் அஞ்சியது விரைவிலேயே நிகழ்ந்தது. 1940களின் இறுதிக்குள், இலண்டன் மருத்துவமனை ஒன்றில் நோயாளியரிடம் கண்ட சீழ்க்கிருமிகளுட் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்கு அடங்காதவை ஆயின.

அடங்காத கிருமிக்குப் புது மருந்து தேடிய அறிஞர் மீண்டும் காளான் குலத்தையே நாடினர். 1945ஆம் ஆண்டில் சார்தீனியாத் தீவின் கழிவுநீர் கலக்கும் கடற்கரையில் புரோட்சு என்பவர் கண்ட பூஞ்சணத்திலிருந்து செபலோஸ்போரின் என்னும் மருந்தினம் வந்தது. 1951ஆம் ஆண்டில் குடைக்காளான் ஒன்றிலிருந்தே புளூரோமியூட்டிலின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. அதன் வழிவந்த மருந்தொன்று 2019ஆம் ஆண்டில் நுரையீரல் அழற்சிக்கு உண்மருந்தாகவும் ஊசிமருந்தாகவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பிளெமிங் 1944ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்றார். 1949ஆம் ஆண்டில் மனைவியார் மறைந்தார். நான்காண்டுகளுக்குப்பின் அமலியா என்னும் கிரேக்க நாட்டு ஆய்வாளரை மணந்தார். 1955ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் இலண்டனில் தம் இல்லத்தில் மாரடைப்பால் உயிர்நீத்தார். அவர்தம் சாம்பல் புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஸ்பெயின் நாட்டின் மத்ரீத் நகரில் எருதோடு பொருவோரின் அரங்கு ஒன்று உள்ளது. கொம்புபட்ட புண் சீழ்கொண்டு மடிவது முன்னாளில் அவ்வீரர்க்கு இயல்பாயிருந்தது. பெனிசிலின் வந்தபின் அவ்வச்சம் நீங்கிற்று. அவ்வீரர்கள் நன்றி மறவாது 1964ஆம் ஆண்டில் அரங்கின் வாயிலிற் பிளெமிங்கிற்குச் சிலை அமைத்தனர். பீடத்தின்மேல் அவர்தம் முகம். அதன்முன், தொப்பியைக் கழற்றிக் கையில் உயர்த்தி வணங்கும் வெண்கல வீரன் ஒருவன் நிற்கின்றான்.